பென்ஷன் வரும் தம்பிக்கு: செக்யூரிட்டி ஏஜென்சி தொடங்கலாமா?

கேட்டவர் காலாட்படையில் நாயக். 22 வருட சர்வீஸ், வயது 41, இன்னும் ஐந்து மாதத்தில் பென்ஷன். ஊர் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமம். கம்யூட்டேஷன் (பென்ஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து முன்கூட்டியே மொத்தமாக வாங்கும் பணம்), கிராச்சுவிட்டி, லீவு சம்பளம், ஏஜிஐ என்ற ராணுவக் குழுக் காப்பீடு, ஃபண்ட் எல்லாம் சேர்ந்து 30 லட்சத்துக்கு மேல் வரும் போலிருக்கிறது. மச்சான் செக்யூரிட்டி ஏஜென்சி தொடங்கலாம் என்கிறார். இவருக்கும் ஆசைதான். தன்னோடு வெளியே வரும் யூனிட் பையன்கள் நாலு பேருக்காவது வேலை கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறார். "துப்பாக்கியும் சென்ட்ரி டியூட்டியும் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது, இது சரிப்படுமா?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி என்றே சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். நான் மெட்ராஸ் சேப்பர்ஸ், ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவு. ராணுவம் முழுக்க எங்களுக்குத் தம்பி என்றுதான் பெயர், அந்தப் பழக்கம். 1986இல் சேர்ந்து 24 வருடம் முடித்து, 2010இல் ஹவில்தாராக வெளியே வந்தேன். அந்த ஆகஸ்ட் 15க்கு ஹானரரி நாயப் சுபேதார் ரேங்க் கிடைத்தது. டிரேடில் எலக்ட்ரீஷியன். இப்போது வேலூர்ப் பக்கம் சின்னதாக ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியும், ஒயரிங், மோட்டார் வேலைகளுக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பும் நடத்துகிறேன். இரண்டுமே முதல் முயற்சி இல்லை. முதல் முயற்சி ஆறு லட்சத்தைத் தின்றுவிட்டுப் போனது. அதையும் சொல்கிறேன்.

முதலில் பணக் கணக்கு. செக்யூரிட்டி ஏஜென்சியெல்லாம் அப்புறம்.

பென்ஷனில் பாதி வரை கம்யூட் பண்ணலாம் என்று சொல்லியிருப்பார்கள். பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் பாதியையும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். மாதம் 10,000 ரூபாயை விட்டுக்கொடுத்தால், உங்கள் வயதுக்கு கைக்கு வருவது ஏறக்குறைய 10.9 லட்சம். 15 வருடம் கழித்துத்தான் அந்த 10,000 திரும்ப வரும். அதற்குள் விட்டுக்கொடுத்தது 18 லட்சம். ஆக, இது பரிசுப் பணம் இல்லை, உங்கள் பென்ஷனை அடகு வைத்து நீங்களே வாங்கும் கடன். வட்டி போட்டுப் பார்த்தால் ஏழு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். அப்படிப் பார்த்தால் மலிவான கடன்தான், வெளியே எந்த பேங்கும் தொழிலுக்கு இந்த வட்டியில் கொடுக்காது. டிஏ வெட்டுப்படாது, அது முழுப் பென்ஷனுக்கே கணக்காகும். நாளைக்கு நமக்கு ஏதாவது ஆனால் மீதியைக் குடும்பத்திடம் பிடிக்கவும் மாட்டார்கள். எனவே எடுப்பது தப்பில்லை. எடுத்து எங்கே போடுகிறோம் என்பதில்தான் விஷயம். ஏழு சதவீதக் கடனை வாங்கி ஏழு சதவீத எஃப்டியில் போட்டு வைப்பதில் என்ன லாபம்? வீட்டுக்கு மாடி எடுத்தால் அதுவும் இல்லை. தொழிலுக்கு என்று உறுதியாகத் தெரியாவிட்டால் கொஞ்சமாக எடுங்கள்.

கம்யூட் பண்ணாமல் மிஞ்சும் பென்ஷன் இருக்கிறதே, அதுதான் உங்கள் அசல் மூலதனம். எங்கள் ஏரியாவில் ஏஜென்சி தொடங்கிய சிவில் ஆட்களைப் பார்த்திருக்கிறேன், நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். ஆனால் இரண்டு மாதம் பில் வராவிட்டால் வீட்டு வாடகைக்கே அவர்களுக்குத் திண்டாட்டம். அப்போது கண்டவரிடம் வட்டிக்கு வாங்குவார்கள், வாட்ச்மேன் சம்பளத்தில் கை வைப்பார்கள், பிஎஃப் கட்டாமல் விடுவார்கள், அதோடு கதை முடிந்தது. நமக்கு ஒன்றாம் தேதி அரிசிக்கும் பள்ளிக்கூட ஃபீஸுக்கும் பணம் வந்துவிடும், இசிஹெச்எஸ் என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் கார்டு இருப்பதால் ஆஸ்பத்திரிச் செலவும் பயமில்லை. அந்தத் தைரியத்தில் மெதுவாகத் தொழில் பண்ணலாம், ஒரு மோசமான கஸ்டமரை வேண்டாம் என்று சொல்லலாம். மிலிட்டரி டிசிப்ளின் என்று ஊரில் எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். அதைவிட இந்தப் பென்ஷன்தான் நம்மைத் தாங்குகிறது. அதனால் அதைப் பிணையாக வைத்து எந்தக் கடனும் வாங்காதீர்கள், யாருக்கும் ஜாமீன் கையெழுத்தும் போடாதீர்கள்.

ஊருக்கு வந்து இறங்கியதும் என்ன நடக்கும் என்று தெரியுமா? "மிலிட்டரிக்காரர் வந்துட்டார், மொத்தமா பணம் வந்திருக்கு" என்பது உங்களுக்கு முன்னால் பஸ்ஸை விட்டு இறங்கிவிடும். கைமாத்து கேட்பவர், நிலம் விற்பவர், மாதம் பத்து சதவீதம் வட்டி தருகிறேன் என்று கம்பெனி பெயரைச் சொல்லிக்கொண்டு வருபவர், எல்லாரும் வருவார்கள். பத்து சதவீதக்காரரோடு கூடவே ஒரு முன்னாள் ராணுவத்தாரும் வருவார், அதுதான் கொடுமை. அவரும் ஏமாந்தவராகவே இருப்பார், இன்னும் தெரிந்திருக்காது.

என் ஆறு லட்சம் இப்படித்தான் போனது. உறவுக்காரர் ஒருவர் செங்கல் சூளை வைத்திருந்தார். பங்கு சேரச் சொன்னார், சேர்ந்தேன். பத்திரம் எதுவும் போடவில்லை, உறவில் எப்படிக் கேட்பது? முதல் சீசனில் இருபதாயிரம் வந்தது. இரண்டாவது சீசனில் மழையில் பச்சைக் கல் எல்லாம் கரைந்தது என்றார், நானே போய்ப் பார்த்தேன், கரைந்திருந்தது உண்மைதான். மூன்றாவது சீசனுக்கு ஆளே இல்லை. நான் ஏமாற்றப்பட்டேனா, நஷ்டப்பட்டேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஏனென்றால் கணக்கே நான் பார்த்ததில்லை. யூனிட்டில் ஸ்டோர் லெட்ஜரில் ஒரு ஸ்பேனர் குறைந்தால் தூங்காத ஆள் நான். ஊருக்கு வந்ததும் ஆறு லட்சத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடவில்லை.

அதனால் முதல் வருடம் எதுவும் தொடங்காதீர்கள். சும்மா இருங்கள் என்று சொல்லவில்லை, வேலைக்குப் போங்கள். ஏஜென்சிதான் ஆசை என்றால் இன்னொருவருடைய ஏஜென்சியில் ஃபீல்டு ஆபீசராக ஆறு மாதம் சம்பளத்துக்கு இருங்கள். பெரிய சம்பளம் இருக்காது. ஆனால் எந்த கம்பெனி பில்லை இழுத்தடிக்கிறது, எந்த ஹெச்ஆர் கமிஷன் கேட்கிறார், எந்தச் சந்தில் இருந்து எப்படிப்பட்ட ஆட்கள் வேலைக்கு வருகிறார்கள் என்பது உங்கள் காசு செலவாகாமல் தெரிந்துவிடும்.

சரி, ஏஜென்சி கணக்குக்கு வருகிறேன். உங்கள் மச்சான் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

30 பேர் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 14,000 சம்பளம் என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்வோம். உங்கள் மாவட்டத்துக்கு உள்ள குறைந்தபட்சக் கூலியைப் பார்த்துக்கொண்டு நீங்கள் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் பிஎஃப்பில் முதலாளி பங்கு, நிர்வாகக் கட்டணம் எல்லாம் சேர்த்து 13 சதவீதம், 1,820. இஎஸ்ஐ 3.25 சதவீதம், 455. போனஸும் யூனிஃபார்மும் தனி. அவற்றை விட்டாலும் ஒரு ஆளுக்கு சுமார் 16,300, முப்பது பேருக்கு மாதம் 4.9 லட்சம். இதற்கு மேல் நீங்கள் போடும் சர்வீஸ் சார்ஜ் எட்டு சதவீதம் கிடைத்தாலே பெரிது. அது 39,000. அதில் நைட் ரவுண்டு போகிற ஒரு ஃபீல்டு ஆபீசர் சம்பளம், பெட்ரோல், ஆபீஸ் வாடகை, ஆடிட்டர். கடைசியில் உங்களுக்கு பத்தாயிரம், பதினைந்தாயிரம் நின்றால் நல்ல மாதம். ஆறு போஸ்ட்டுக்கு ஒரு ரிலீவர் வேண்டும், இல்லாவிட்டால் வாரத்தில் ஒரு நாள் நீங்களே கேட்டில் நிற்பீர்கள். நான் நின்றிருக்கிறேன். முதலாளியே தொப்பி போட்டு நிற்பதைப் பார்த்த ஒரு கஸ்டமர் அடுத்த வருடம் கான்ட்ராக்டைப் புதுப்பித்தார், அது வேறு கதை.

லாபம் குறைவு என்பதுகூடப் பெரிய ஆபத்து இல்லை, பணம் வரும் வேகம்தான் ஆபத்து. வாட்ச்மேனுக்கு ஏழாம் தேதி சம்பளம் கொடுத்தாக வேண்டும், பிஎஃப், இஎஸ்ஐ பதினைந்தாம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். கம்பெனி பில் பாஸ் ஆகி வருவதற்கு 45 நாள், 60 நாள். அப்படியென்றால் 30 பேருக்கு எந்த நேரமும் கிட்டத்தட்ட பத்து லட்சம் உங்கள் கைக்காசு ரோட்டில் நிற்கும். பத்து ஆட்களில் தொடங்கினால் மூன்றரை லட்சம் போதும். பெரிய கான்ட்ராக்ட் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டு மூழ்கிப் போனவர்களே இந்தத் தொழிலில் அதிகம். கான்ட்ராக்ட் கிடைக்காமல் மூழ்கியவர்கள் குறைவு.

எனக்கும் ஒருமுறை நேர்ந்தது. ஒரு தொழிற்சாலை நாலு மாதப் பில்லை நிறுத்தி வைத்துவிட்டது. இருபத்திரண்டு பேர் அங்கே. ஏழாம் தேதி வந்தது. வீட்டுக்காரி நகையை எடுத்துக் கொடுத்தாள், தாலிக்கொடி மட்டும் மிச்சம். ஆட்களுக்குச் சம்பளம் போனது. அந்த நகையை மீட்க பதினோரு மாதம். அதற்குப் பிறகுதான் சிறு தொழில்களுக்கு உத்யம் பதிவு என்ற ஒன்று இருப்பதே தெரிந்துகொண்டேன். இணையத்தில் இலவசமாகவே பதியலாம், கட்டணம் கேட்கும் புரோக்கரிடம் போகாதீர்கள். பதிவு இருந்தால் 2006ஆம் வருடத்து எம்எஸ்எம்இ சட்டப்படி, நம்மிடம் சேவை வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. நடைமுறையில் யாரும் வட்டி கேட்டுப் போவதில்லை, கேட்டால் கான்ட்ராக்ட் போய்விடும். ஆனால் இப்போது வருமான வரியிலும் ஒரு பிடி வைத்திருக்கிறார்கள்: சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டியதை இந்தக் கெடு தாண்டியும் அந்த நிதியாண்டு முடிவதற்குள் தராவிட்டால், அந்தத் தொகையை அந்த வருடச் செலவாக அவர்கள் கணக்குக் காட்ட முடியாது. மார்ச் மாதத்தில் கம்பெனி அக்கவுன்டன்ட்டுக்கு இதை மரியாதையாக நினைவுபடுத்தி ஒரு மெயில் போட்டால் பழைய பில் நகர்கிறது. என் அனுபவத்தில் சட்டம் சொல்லிச் சண்டை போட்டதைவிட இந்த மெயில் அதிகம் வசூல் பண்ணியிருக்கிறது.

ஜிஎஸ்டியில் ஒரு நுணுக்கம். மச்சான் உடனே பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிவு பண்ணலாம் என்பார், விசிட்டிங் கார்டில் பார்க்க நன்றாக இருக்கும். வேண்டாம். நீங்கள் தனி உரிமையாளராக இருந்து, வாட்ச்மேன் வாங்குபவர் ஜிஎஸ்டி பதிவு உள்ளவராக இருந்தால், 18 சதவீத வரியை அவரே நேராகக் கட்ட வேண்டும், 2019 முதல் அப்படித்தான். பிரைவேட் லிமிடெட் ஆனால் வரியை நீங்கள் கட்ட வேண்டும், பில் பணம் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த மாதம் இருபதாம் தேதிக்குள். ஐந்து லட்சம் பில்லுக்கு 90,000 ரூபாய், கைக்கு வராத பணத்துக்கு. நல்ல ஆடிட்டராக ஒருவரைப் பிடித்துக்கொண்டு இதை முதலிலேயே கேளுங்கள்.

லைசென்ஸ் பெரிய மலை இல்லை. 2005ஆம் வருடத்து தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டத்தின் கீழ் வாங்க வேண்டும், பசாரா என்பார்கள். ஒரு மாவட்டத்துக்கு மட்டும் என்றால் கட்டணம் 5,000, ஐந்து மாவட்டம் வரை 10,000, மாநிலம் முழுக்க 25,000. ஒரு மாவட்டம் போதும். 15 காவலருக்கு ஒரு சூப்பர்வைசர் இருக்க வேண்டும். சிவில் ஆட்களுக்கு 160 மணி நேரப் பயிற்சி கட்டாயம், நம் ஆட்களுக்கு அதைவிடக் குறைவு. வேலைக்கு எடுக்கும்போது முன்னாள் படைவீரருக்கு முன்னுரிமை தரலாம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

"துப்பாக்கி தவிர ஒன்றும் தெரியாது" என்கிறீர்கள். தம்பி, 22 வருடத்தில் டியூட்டி ரோஸ்டர் போட்டிருப்பீர்கள், கோத் (ஆயுத அறை) கணக்கு ஒப்படைத்திருப்பீர்கள், லங்கருக்கு (சமையல் கூடத்துக்கு) ரேஷன் எண்ணி வாங்கியிருப்பீர்கள், லீவுக்குப் போனவன் இடத்துக்கு ஆள் மாற்றியிருப்பீர்கள். இந்தத் தொழிலே அதுதான். வராத ஆளுக்கு மாற்று ஆளை அரை மணி நேரத்தில் நிறுத்தத் தெரிந்தவன்தான் ஏஜென்சி நடத்த முடியும்.

கூட வராத ஒன்று உண்டு, அதிகாரம். யூனிட்டில் ஒரு சத்தம் போட்டால் வேலை நடக்கும், ஏனென்றால் அவன் எங்கேயும் போக முடியாது. என் முதல் மாதத்தில் டியூட்டியில் தூங்கிய ஒருவரை எல்லார் முன்னாலும் வைத்துப் பழைய பாஷையில் நாலு வார்த்தை விட்டேன், பாதி இந்தியில். மறுநாள் காலை அவர் வரவில்லை. அவரோடு அவர் தெருவே வரவில்லை, ஒன்பது பேர். அந்த மனிதருக்கு ஐம்பத்தெட்டு வயது, பகலில் ஏரி வேலைக்குப் போய்விட்டு இரவில் கேட்டில் உட்கார்ந்தவர் என்று அப்புறம்தான் தெரிந்தது. அவர் வீட்டுக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தேன். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை, டீ குடித்ததே போதுமாக இருந்தது. இப்போது பன்னிரண்டு மணி நேர டியூட்டிக்கு ஒத்துக்கொள்வதே இல்லை, எட்டு மணி நேரம்தான். அதனால் என் ரேட் அதிகம், சில கான்ட்ராக்ட் போகிறது. போகட்டும், பென்ஷன் இருக்கிறது.

கேப்டன் கோபிநாத்தின் கதையை யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சினிமாவாக வந்ததால் இப்போது எல்லாருக்கும் தெரியும். ராணுவத்தில் எட்டு வருடம், 1971 போரைப் பார்த்தவர், வெளியே வந்து ஏர் டெக்கான் தொடங்கியவர். எனக்கும் அவர் மேல் மரியாதை உண்டு. ஆனால் கதையைச் சொல்பவர்கள் நடுப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். அவர் வெளியே வந்ததும் விமானம் ஓட்டப் போகவில்லை. ஹாசன் மாவட்டத்தில் தரிசு நிலத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்து விவசாயம் பார்த்தார். பட்டுப்புழு வளர்த்தார், மோட்டார் சைக்கிள் டீலர்ஷிப் எடுத்தார். ஹெலிகாப்டர் கம்பெனி வந்தது 1997இல், அதுவும் ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டிய நண்பரோடு சேர்ந்து. விமானக் கம்பெனி பறந்தது 2003இல். நாலே வருடத்தில் பெரும் பங்கு கைமாறிப் போனது. அடுத்துத் தொடங்கிய சரக்கு விமானத் தொழில் நிற்கவே இல்லை. எட்டு வருடத்தில் வெளியே வந்த ஆபீசருக்குப் பென்ஷன் கிடையாது, அதற்கு 20 வருடம் வேண்டும். அவர் எடுத்த துணிச்சலை நாம் எடுக்கத் தேவையில்லை என்பதற்காகச் சொல்கிறேன். விமானத்தைவிட அவர் பாதையில் எனக்குப் பிடித்தது அந்த விவசாயமும் பட்டுப்புழுவும்தான். உங்களுக்கு நிலம் இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால் அதை முதலில் யோசியுங்கள்.

கடன் திட்டங்களைப் பற்றிச் சுருக்கமாக. தமிழ்நாடு அரசு 2024 சுதந்திர தின உரையில் அறிவித்த "முதல்வரின் காக்கும் கரங்கள்" நமக்கென்றே உள்ளது: ஒரு கோடி வரை கடன், 30 சதவீதம் மூலதன மானியம், 3 சதவீதம் வட்டி மானியம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். ஒரு கோடி என்றதும் ஒரு கோடிக்குத் திட்டம் போடாதீர்கள். மத்திய அரசின் சுயதொழில் கடன் திட்டமான பிஎம்இஜிபியில் முன்னாள் படைவீரர் சிறப்புப் பிரிவு, கிராமத்தில் தொடங்கினால் 35 சதவீதம் மானியம், நம் பங்கு 5 சதவீதம்தான். ஆனால் அந்த மானியம் மூன்று வருடம் பேங்கில் டெபாசிட்டாக உட்கார்ந்திருக்கும், தொழில் உயிரோடு இருந்தால்தான் கடனில் கழிப்பார்கள். இது தெரியாமல் மானியத்தைக் கைக்காசாக நினைத்துச் செலவுக்குத் திட்டம் போட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஏஜென்சி வேண்டாம், வேலை போதும் என்று தோன்றினால் டெக்ஸ்கோ இருக்கிறது. 1986 முதல் நம் ஆட்களுக்கென்றே நடக்கும் அரசு நிறுவனம். வங்கியிலும் பொதுத்துறையிலும் குரூப் சி வேலைகளில் 14.5 சதவீதம் நமக்கு ஒதுக்கீடு. எழுதிப் பாருங்கள், கிடைத்தால் கௌரவம் பார்க்காமல் போங்கள்.

இப்போது நீங்கள் கேட்டதில் எனக்குப் பிடித்த பகுதி, நாலு பேருக்கு உதவ வேண்டும் என்றது.

யூனிட் பையன்களை வேலைக்கு எடுங்கள், ஆனால் பார்ட்னராக எடுக்காதீர்கள். கூட இருந்து ஒரே தட்டில் சாப்பிட்டவனிடம் கணக்குக் கேட்பது கஷ்டம். சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் மற்றவர்களுக்கு என்னவோ அதுவே அவர்களுக்கும். அவசரத்துக்குப் பணம் கேட்டால் அட்வான்ஸாகக் கொடுத்து நோட்டில் எழுதுங்கள், கடனாகக் கொடுக்காதீர்கள். என் முதல் சூப்பர்வைசர் என் யூனிட்காரர்தான். அவருக்குக் கைமாத்தாக எண்பதாயிரம் கொடுத்தேன். பணம் வரவில்லை, வெட்கத்தில் அவரும் வேலைக்கு வராமல் போய்விட்டார். எண்பதாயிரத்தைவிட அந்த ஆள் போனதுதான் நஷ்டம்.

பணத்தைவிட நம் ஆட்களுக்கு அதிகம் தேவைப்படுவது பேப்பர் வேலை. ஒரு நாள் ஒரு அம்மா ஹவுஸ்கீப்பிங் வேலை கேட்டு வந்தார். பேசிக்கொண்டிருக்கும்போது, "எங்க வீட்டுக்காரரும் மிலிட்டரிதான்" என்றார். குடும்பப் பென்ஷன் வருகிறதா என்றேன். அவர் இறந்த மாதத்தோடு நின்றுவிட்டது, மூன்று வருடமாக எதுவும் இல்லை என்றார். வீட்டுக்காரர் கல்யாணம் ஆன புதிதில் ரெக்கார்ட்ஸில் (நம் சர்வீஸ் பதிவேடுகளை வைத்திருக்கும் ராணுவ அலுவலகம்) மனைவி பெயராகக் கொடுத்தது இவரை வீட்டில் கூப்பிடும் பெயர். ஆதாரில் இருப்பது பள்ளிக்கூடப் பெயர். இரண்டும் ஒருவர்தான் என்று நிரூபிக்க ஆள் இல்லை. அவ்வளவுதான் விஷயம். நோட்டரி உறுதிமொழி, விஏஓ, தாசில்தார் சான்று, மாவட்ட நல அலுவலகக் கடிதம், ரெக்கார்ட்ஸ் ஆபீஸ், அங்கிருந்து ஸ்பர்ஷ் என்ற ராணுவப் பென்ஷன் இணையதளம். பதினாலு மாதம் ஆனது. நிலுவை மொத்தமாக வந்தது. அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டார், நல்ல வேலைக்காரி போய்விட்டாரே என்று என் சூப்பர்வைசருக்குத்தான் வருத்தம்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒர்க்‌ஷாப்பில் ஒரு மேஜை போட்டு உட்கார்கிறேன். வேலூர்ப் பக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே, கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்தார் உள்ள ஊர்கள். வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பெயர்ப் பிழை, மீதிப் பேருக்கு உயிர்ச் சான்று. ஸ்பர்ஷ் வந்த பிறகு எல்லாம் போனில், எழுபது வயதுக்காரருக்கு ஓடிபி என்றால் என்ன தெரியும்? கைரேகை தேய்ந்து போயிருக்கும், மெஷின் எடுக்காது. இதற்குப் பெரிய மூலதனம் வேண்டாம், ஒரு லேப்டாப்பும் பொறுமையும் போதும். யாரிடமும் காசு வாங்கியதில்லை. வாங்க ஆரம்பித்தால் அதுவும் ஒரு தொழிலாகிவிடும்.

இன்னொரு கூட்டம் வரப் போகிறது, அக்னிவீரர்கள். 2022இல் அறிவித்த திட்டம், நாலு வருடம். முதல் அணி 2026 முடிவிலிருந்து வெளியே வரத் தொடங்கும். 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக எடுப்போம் என்பது திட்டம். மற்றவர்களுக்குச் சேவா நிதி என்று மொத்தமாகச் சுமார் 11.71 லட்சம், அதோடு சரி. பென்ஷன் இல்லை, இசிஹெச்எஸ் இல்லை, கேன்டீன் கார்டு இல்லை. 22, 23 வயதில் கையில் பதினோரு லட்சத்தோடு வரும் பையனை ஊர் சும்மா விடாது, நமக்கு வந்த அதே ஆட்கள் அவன் வீட்டுக்கும் போவார்கள். நமக்குப் பென்ஷன் தாங்கியது, அவனுக்கு எதுவும் இல்லை. நீங்கள் நாலு பேருக்கு வேலை கொடுப்பதாக இருந்தால், பென்ஷன் உள்ள நம் வயதுக்காரர் இரண்டு பேரும் அப்படி வரும் பையன்கள் இரண்டு பேருமாகப் பாருங்கள். அவர்களைக் கேட்டில் நிறுத்தி வீணடிக்காதீர்கள். சிசிடிவி, தீயணைப்புக் கருவி, அலாரம் இவற்றைப் பொருத்திப் பராமரிக்கும் வேலையைக் கற்றுக்கொடுங்கள். ஆள் அனுப்புவதைவிட அதில் மிச்சமும் அதிகம். என் ஒர்க்‌ஷாப் இப்போது பாதி அதில்தான் ஓடுகிறது.

மிச்சமுள்ள ஐந்து மாதத்தில் யூனிட்டில் இருந்தபடியே செய்ய வேண்டியது: மனைவி பெயர், பிள்ளைகளின் பிறந்த தேதி பார்ட் 2 ஆர்டரில் (சர்வீஸ் பதிவேட்டில் குடும்ப விவரம் ஏற்றும் உத்தரவு) எப்படி ஏறியிருக்கிறது என்று ஹெட் கிளார்க்கிடம் நகல் கேட்டு, ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இப்போது திருத்துவது ஒரு மனுவில் முடியும், வெளியே வந்த பிறகு என்றால் அந்த அம்மாவின் பதினாலு மாதம். பென்ஷன் கணக்கை மனைவியோடு ஜாயின்ட்டாக வையுங்கள். ராணுவத்தாரின் மறுவாழ்வுக்கான அரசுத் துறையான டிஜிஆர் நடத்தும் ஓய்வுக்கு முந்தைய படிப்புகளில் செக்யூரிட்டி மேனேஜ்மென்ட் கிடைத்தாலும் எடுங்கள், கணக்கு, கம்ப்யூட்டர் கிடைத்தால் அதை இன்னும் சந்தோஷமாக எடுங்கள். டிஸ்சார்ஜ் புக்கைக் கலரில் நாலு நகல் எடுத்து, ஒன்றை ஊரில் கொடுத்து வையுங்கள்.

அப்புறம் மச்சான். அவரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் ஃபீல்டு ஆபீசராக இருக்கும் ஆறு மாதத்தில் ஒரு வாரம் அவரையும் நைட் ரவுண்டுக்குக் கூட்டிப் போங்கள். இரவு இரண்டு மணிக்கு மூன்று கேட், நாலு மணிக்கு மறுபடியும் அதே மூன்று கேட். ஏழு நாள் வந்தாரென்றால் அவரோடு தைரியமாகத் தொழில் பண்ணலாம், பத்திரம் போட்டு. போகும்போது டூ வீலரில் போங்கள், கார் வேண்டாம். தூரத்திலேயே ஹெட்லைட்டைப் பார்த்து எல்லாரும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.